துண்டு போட்ட இடம்

மேலூர் பஸ்ஸில் இடம் பிடிக்க
ஜன்னல் வழியே துண்டு எறிவார்கள்.
இருபத்திரண்டு வருஷமாய்
கண்ணாடியில் அதைப் பார்த்துச் சிரித்தவன் நான்.
இப்போது என் சீட்டுக்கே
துண்டு போட்டுத்தான் ஏறுகிறேன்.

குளிக்கிற துண்டுதான். நீலம்.
இறுக்கிச் சுருட்டி ரப்பர் பேண்ட் மாட்டி
ஜாக்கெட் தைத்து மிஞ்சிய துணியில்
பஞ்சவர்ணம் உறை போட்டாள்.
ஊதாவில் மஞ்சள் புள்ளி.
"மாப்பிள்ளைக்குத் திண்டு வந்திருச்சு" என்றார்
கண்டக்டர் சிக்கந்தர், விசிலைக் கடித்தபடியே.
அதிகம் சிரித்தது மாற்று டிரைவர் சோலைமலை.

சிட்டம்பட்டி தாண்டி ஒரு வேகத்தடை,
பெயிண்ட் அழிந்தது.
வண்டி ஏறி இறங்கிவிட்டது.
என் இடுப்பு இறங்கவில்லை.
டிப்போவில் கதவைப் பிடித்திருந்த என் கையை
இரண்டு பேர் சேர்ந்து பிரித்தார்கள்.

புகார் நோட்டில் எட்டு முறை எழுதியிருந்தேன்:
டிரைவர் சீட்டில் ஸ்பிரிங் இல்லை.
எட்டு முறையும் எதிரே சிவப்பு மையில்:
பார்க்கப்படும்.
மகள் சொன்னாள், அது செயப்பாட்டுவினையாம்.
அந்தச் சொல்லுக்குள்
ஆளே உட்கார்ந்திருக்க மாட்டாராம்.

பெரியாஸ்பத்திரியில்
ஃபெமினா என்று பெயர் குத்தியிருந்த பெண்
படத்தை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து
"எல் நாலு, எல் அஞ்சு" என்றாள்.
எந்த ஊர் வண்டி என்று கேட்க வாய் வந்தது,
வலி விடவில்லை.
ஸ்டூலைக் காட்டி
"பஸ் ஓட்டிக் காட்டுங்க" என்றாள்.
ஸ்டியரிங் இல்லை, கிளட்ச் இல்லை,
கோரிப்பாளையம் சிக்னலில் நின்று கிளம்பி
மாட்டுத்தாவணிக்குள் திருப்பும்முன்
"நிறுத்துங்க. பின்னால என்ன அது?"

பர்ஸ்.
வட்டிக்கடை ரசீது, சீட்டுக் கம்பெனிக் கார்டு,
நாலாய் மடித்த அழகர் படம்,
யாருடையவென்று மறந்துபோன நம்பர்கள்.
பணம் குறையக் குறையத் தடித்த பர்ஸ்.
வலது பக்கம் இரண்டு விரல் உயரம்.
இத்தனை வருஷமும்
என் கடன்மேல் கோணி உட்கார்ந்து
ஊர்ச்சனத்தை நேராகக் கொண்டு சேர்த்திருக்கிறேன்.

அவள் சொன்னதெல்லாம் சின்னச் சின்னது.
சீட்டின் கடைசிவரை தள்ளி உட்காருங்க.
இடுப்பு உள்வாங்குற இடத்துல துண்டு.
முழங்கால் இடுப்புக்கு மேல ஏற வேண்டாம்.
டிரிப் முடிஞ்சா இறங்கி நடங்க, டீக்கடை வரைக்குமாவது.
குடம் தூக்கும்போது முழங்காலை மடக்குங்க.
"பெல்ட் வாங்கிரவா?" என்றேன்.
"கொஞ்ச நாள் போடலாம்.
உங்களுக்குப் பதிலா அது நிமிராது."

முதல் வாரம் நேராக இருப்பதுதான் வலித்தது.
ஒத்தக்கடையில் யானைமலையைப் பார்க்கப்
பொறாமையாய் இருந்தது:
எந்தக் காலத்திலோ முதுகு நீட்டிப் படுத்தது,
யாரும் அதை டூட்டிக்கு எழுப்பவில்லை.
கிளை மேனேஜர் கேட்டார்,
"என்னப்பா, ஆளு விறைப்பாயிட்ட?"
துண்டு என்றேன்.
சங்கத்துத் துண்டு என்று நினைத்துக்கொண்டார்.

ஒரு புதன்கிழமை அதை வண்டியிலேயே விட்டுவிட்டேன்.
மறுநாள் சோலைமலையைக் கேட்டால்
"எந்தத் துண்டு?"
மூன்றாம் நாள் நரசிங்கம்பட்டி அருகே
அவன் வண்டி எதிரே வந்தது.
வாத்தியார் முன் உட்கார்ந்த பையனைப் போல
அப்படி ஒரு நேராய் இருந்தான்.
அவன் முதுகோரம்
ஊதாவில் மஞ்சள் புள்ளி.
ஹெட்லைட்டை ஒருமுறை மினுக்கினேன்.
அவன் கண்ணாடியைத் துடைப்பதுபோல்
எங்கோ பார்த்தான்.

பஞ்சவர்ணம் பச்சைத் துண்டு ஒன்றைச் சுருட்டித் தந்தாள்,
இந்த முறை உறை கிடையாது.
ஒன்பதாவது முறையாக நோட்டில் எழுதினேன்.
ரெண்டு நாள் கழித்துப் பார்த்தால்
கீழே கோணல் எழுத்தில்
ஆமா, இல்லை. — சோ.
அதற்கும் கீழே
சிக்கந்தர்: கண்டக்டருக்குச் சீட்டே இல்லை.

சிவப்பு மை இன்னும் வரவில்லை.
மணி ஐந்து நாற்பது.
பர்ஸை எடுத்து டேஷ்போர்டில் வைக்கிறேன்.